இல்லிரியர் நிலத்தைப் பலகையில் எழுப்புவது எப்படி

பள்ளி வரலாற்றுக் கண்காட்சிகளில் பழங்கால இல்லிரியர்களுக்கென்று வைக்கப்படும் படம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். இத்தாலிக்குக் கிழக்கேயுள்ள ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை முழுவதும் ஒரே சிவப்பு, நடுவில் 'இல்லிரியா' என்று கொட்டை எழுத்து, ஓரத்தில் டியூட்டா அரசியின் கற்பனை ஓவியம். பிழை அந்தச் சிவப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அத்தனை அகலத்துக்கு ஒரே இல்லிரிய அரசு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தங்களுக்கு வடமேற்கே வாழ்ந்த பல மக்களுக்குக் கிரேக்கர்கள் சூட்டிய பொதுப்பெயர் அது. ரோமானியர் கைக்குப் போன பிறகு அந்தப் பெயர் டான்யூப் ஆறுவரை நீண்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, 'இல்லிரியர் என்று முறையாகச் சொல்லத்தக்கவர்' என ஒரு கூட்டத்தை மட்டும் தனியே பிரித்துக் காட்டுகிறார். அவர் காலத்திலேயே பெயர் ஆளுக்கு மிஞ்சிய சட்டையாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் மேட்டு லயம், பள்ளத்து லயம், ஆற்றோரத்து லயம் என்று உள்ளே எத்தனை கணக்கு இருந்தாலும் பட்டணத்துக் கடைக்காரருக்கு எல்லாரும் 'அந்தத் தோட்டத்து ஆட்கள்'தான், இல்லையா?

அதனால் இங்கே சொல்லும் மாதிரியில் எல்லைக் கோடு கிடையாது. மலை, ஆறு, கடல் மூன்றும் பலகையில் நிலையாக இருக்கும். மக்களின் பெயர்கள் குண்டூசிக் கொடிகளாக நிற்கும், காலத்துக்குக் காலம் மாறும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தின் ஹார்ட்வேர் கடையிலும் எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும் பொருள்களே போதும். ஐந்து மாணவர்கள் உட்கார்ந்தால் மூன்று வார இறுதிகளில் முடியும்; மழை பிடித்துக்கொண்டால் நான்கு.

அளவுத் திட்டம்

கிழக்கு நெடுங்கோடு 13 முதல் 22 பாகைவரை, வடக்கு அகலக்கோடு 40 முதல் 46.5 பாகைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய அல்பேனியா, மாண்டினீக்ரோ, பொஸ்னியா, குரோவாசியா, கொசோவோ ஆகியவை ஏறக்குறைய முழுவதும், செர்பியா, வட மாசிடோனியா, சுலோவீனியா ஆகியவற்றின் பெரும்பகுதியும் இதற்குள் வந்துவிடும். 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் கணக்கு மிக எளிது. அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர், அதாவது 11.1 செ.மீ. நெடுங்கோட்டில் ஒரு பாகை இந்த அகலக்கோடுகளில் ஏறத்தாழ 81 கிலோமீட்டர், அதாவது 8.1 செ.மீ. ஆக, படம் 73 செ.மீ. அகலமும் 72 செ.மீ. உயரமுமாக ஏறக்குறைய சதுரமாக அமையும். 80க்கு 80 பலகையில் நாலாபுறமும் ஓரம் விட்டு உட்காரும்.

இரண்டு திசைக்கும் ஒரே அளவுக் கட்டம் போடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் படம் பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு இழுபட்டு, ஒடுங்கிய ஏட்ரியாட்டிக் கடல் குளம்போல் ஊதிவிடும். கட்டம் உயரமாகவும் ஒடுங்கியும் இருப்பதே சரி.

நகர்களைக் குறிக்கக் கீழ் இடது மூலையை, அதாவது 13 பாகை கிழக்கும் 40 பாகை வடக்கும் சந்திக்கும் புள்ளியை, தொடக்கமாக வையுங்கள். முதல் எண் வலப்பக்கம் போகவேண்டிய சென்டிமீட்டர், இரண்டாவது மேலே ஏறவேண்டியது.

அப்போலோனியா: 52.4, 8.0
எபிடாம்னோஸ் (இன்றைய துர்ரஸ்): 52.2, 14.7
லிஸ்ஸோஸ் (லேழா): 53.8, 19.8
ஸ்கோட்ரா (ஷ்கோதர்): 52.7, 23.0
ரிசோன் (கோட்டோர் குடாவின் ரிசான்): 46.2, 27.9
இஸ்ஸா (விஸ் தீவு): 25.8, 34.0
ஃபாரோஸ் (ஹ்வார் தீவு): 29.2, 35.3
சலோனா (ஸ்பிளிட் அருகில்): 28.2, 39.3
டெல்மினியம் (துவ்னோ சமவெளி): 34.3, 41.3
கிளாசினாட்ஸ் மேட்டுநிலம்: 47.4, 43.6
ஓகிரிட் ஏரிக்கரை: 63.2, 12.4

கரையோரத்தை வரைந்ததும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இத்தாலியின் குதிகாலில் உள்ள ஒட்ராண்டோவுக்கும் எதிரே அல்பேனியக் கரையின் முனைக்கும் இடையே உண்மையில் ஏறத்தாழ 72 கிலோமீட்டர். பலகையில் அது 7 செ.மீ.க்குச் சற்று முன்பின்னாக வரவேண்டும். 6 அல்லது 8 வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி அச்சுப்பொறிதான். வரைபடத்தைப் பன்னிரண்டு ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிடும்போது, 'தாளுக்குப் பொருத்து' என்ற வசதி தானே ஒவ்வொன்றையும் சற்றுச் சுருக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, முதல் தாளில் 10 செ.மீ. கோடு ஒன்றை அச்சிட்டு அளவுகோலால் அளந்த பிறகே மீதியை அச்சிடுங்கள்.

மூல வரைபடத்தைத் தேர்வதிலும் ஒரு குழி உண்டு. 'இல்லிரியா' என்று இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத படங்கள் வரும். ரோமானியரின் இல்லிரிக்கம் மாகாணம் ஒன்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தையும் சேர்த்துக்கொண்ட பெரும் ஆட்சிப்பிரிவு இன்னொன்று. நெப்போலியன் 1809இல் லுப்லியானாவைத் தலைநகராக வைத்து அமைத்த 'இல்லிரிய மாகாணங்கள்' மூன்றாவது. பழைய பெயரை நெப்போலியன் தூசு தட்டி எடுத்து மாட்டிக்கொண்டார், அவ்வளவே. நமக்கு வேண்டியது இவற்றில் எதுவுமில்லை. மலையும் ஆறும் மட்டும் காட்டும் இயற்கை அமைப்புப் படம் ஒன்று போதும்.

பொருள்கள்

9 மி.மீ. ஒட்டுப்பலகை 80க்கு 80 செ.மீ. ஒன்று. பின்புறம் அறைய ஒன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டம், 75 செ.மீ. நீளத்தில் மூன்று. 5 மி.மீ. ஃபோம் போர்டு ஏ1 அளவில் மூன்று. வெள்ளைப் பசை ஒரு கிலோ. பழைய நாளிதழ். சுவருக்கு அடிக்கும் தண்ணீர் பெயிண்ட்: வெள்ளை ஒரு லிட்டர், நீலம், பச்சை, பழுப்பு சிறு டப்பாக்கள். கட்டர் கத்திக்கு மாற்று அலகு குறைந்தது பத்து வேண்டும். மழுங்கிய அலகு ஃபோம் போர்டைப் பிய்த்துவிடும்.

மைதா மாவும் உப்பும் பிசைந்து மலை செய்யலாம் என்று பல கைவினைக் குறிப்புகள் சொல்லும். நம் ஊர் ஈரக்காற்றில் அது வேலைக்காகாது. உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சும், மாவு இளகும், வண்ணத்தின் மேல் நீர் பூக்கும். இரண்டாம் வாரம் பூஞ்சை வரும், அதற்கு முன்பே எறும்பு வந்திருக்கும். மாவுக் கஞ்சியைப் பசையாக்கினாலும் கரப்பான் பூச்சிக்கு விருந்துதான். காசு கொஞ்சம் போனாலும் வெள்ளைப் பசையே நல்லது.

மலையை அடுக்குவது

இதே அளவுத் திட்டத்தில் உயரத்தையும் வைத்தால், அல்பேனிய எல்லையிலுள்ள 2,764 மீட்டர் கொராப் சிகரம் பலகையில் 2.8 மி.மீ. வரும். தோசை தடிமன்கூட இராது. எனவே உயரத்தை மட்டும் பத்து மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 500 மீட்டருக்கு ஒரு ஃபோம் அடுக்கு என்று நேராகப் பொருந்தும். இப்படிப் பத்து மடங்கு கூட்டியிருக்கிறோம் என்பதைப் பலகை ஓரத்தில் எழுதிவிடவும். கவனமுள்ள பார்வையாளர் கட்டாயம் கேட்பார்.

முதலில் பலகையின் பின்புறச் சட்டங்களை அறைந்து, இரண்டு முகத்துக்கும் ஒரு கை வெள்ளை பெயிண்ட் அடித்துக் காயவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பசையும் தாளும் ஏறினால், அவை காயும்போது இழுக்கும் இழுப்பில் பலகை வளைந்துபோகும். வளைந்த பலகையை நிமிர்த்த வழியே இல்லை.

அடுத்து நிலப்பகுதி முழுவதற்கும் ஒரு அடுக்கு ஃபோம். தீவுகளையும் மறக்கவேண்டாம். இந்த அடி அடுக்கு இருந்தால்தான் கடல் தாழ்ந்து தெரியும், சமவெளியிலும் குண்டூசி நிற்கும். ஏ1 தாளின் அகலம் 59 செ.மீ.தான் என்பதால் எங்காவது ஒட்டு விழும். அதற்கு மேல் வரும் அடுக்கின் ஒட்டு அதே இடத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 500, 1,000, 1,500, 2,000, 2,500 என்று அடுக்குகள். கடைசி அடுக்கு விரல் நகத் துண்டுகளாகத்தான் வரும்.

இத்தாலியை அடி அடுக்கோடு நிறுத்திவிடுங்கள். அங்கேயும் 2,912 மீட்டர் சிகரம் ஒன்று படத்துக்குள் விழுகிறது. அதை எழுப்பினால் எல்லார் கண்ணும் அங்கே போய்விடும்.

கரையை வெட்டும்போது தெற்கையும் வடக்கையும் வேறுபடுத்துங்கள். துர்ரஸ் முதல் தெற்கே கரையோரம் தட்டையான சமவெளி. எபிடாம்னோஸ், அப்போலோனியா ஆகிய கிரேக்கக் குடியேற்றங்கள் அங்கேதான் வேரூன்றின. கோட்டோர் குடாவுக்கு வடக்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அடுக்குகளின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையிலேயே நிற்கவேண்டும். அந்தச் சுவருக்கு முன்னால் தீவுகள், குறுகிய நீர்வழிகள். லெம்போஸ் என்ற வேகமான சிறு படகில் வந்து தாக்கிவிட்டு மறைவதற்கு இதைவிட வசதியான கரை அமையாது. கி.மு. 231இல் இல்லிரிய அரசன் அக்ரோன் அனுப்பிய நூறு லெம்போஸ்களில் ஐயாயிரம் பேர் போனதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதுகிறார், படகுக்கு ஐம்பது பேர்.

கரைக்குப் பின்னாலிருக்கும் மலை சுண்ணாம்புப் பாறை. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போன பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், அதே வகைப் பாறைதான். மழைநீர் பாறையைக் கரைத்து உள்ளே இறங்கிவிடும், ஆறுகள் நிலத்துக்கடியில் மறைந்து வேறிடத்தில் வெளிவரும். மலைக்கு நடுவே தட்டையான அடித்தளமுள்ள நீண்ட வயல்வெளிகள் அங்கங்கே கிடக்கும். அவற்றைக் கத்தி முனையால் தோண்டி எடுங்கள். லிவ்னோ சமவெளி ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர், பலகையில் 4 சதுர சென்டிமீட்டர். அதன் தென்கிழக்கே துவ்னோ. இந்தக் குழிகளைச் சோம்பலில் விட்டுவிட்டால் மாதிரியின் உயிரே போய்விடும். ஒரு சமவெளிக்கும் அடுத்ததற்கும் நடுவே மலை நிற்பதைப் பார்த்தால்தான், இங்கே ஏன் ஒரே அரசு தோன்றாமல் பல மக்கள் தனித்தனியே இருந்தார்கள் என்பது புரியும்.

அடுக்குகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மறைக்க, பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, இரண்டு விரல் அகல நாளிதழ்க் கீற்றுகளை நனைத்து ஒட்டுங்கள். மொத்தம் இரண்டே பூச்சு. முதல் பூச்சு முழுக்கக் காய ஒரு நாள், மழை நாளில் மின்விசிறி வைத்தும் இரண்டு நாள் பிடிக்கும். மேலே காய்ந்து உள்ளே ஈரமிருக்கும்போது இரண்டாவதை ஒட்டினால் மூன்றாம் நாள் கரும்புள்ளி பூக்கும். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

வண்ணத்துக்கு ஸ்பிரே பெயிண்ட் கூடாது. அதிலுள்ள தின்னர் ஃபோமை உருக்கிக் குழியாக்கும், ஒரு நிமிடத்தில் மலை பள்ளமாகும். தண்ணீர் பெயிண்ட் மட்டுமே. கரையோர மலைக்குச் சாம்பல் கலந்த வெள்ளை, பொஸ்னிய உள்நாட்டுக் காட்டுக்குக் கரும்பச்சை, அல்பேனியச் சமவெளிக்கு வெளிர்பச்சை. ஆறுகளில் மூன்று போதும்: முற்காலத்தில் நாரோன் எனப்பட்ட நெரெட்வா, திரிலோன் எனப்பட்ட திரின், வடக்கே டான்யூபுக்குப் போகும் சாவா. முதலிரண்டும் உள்நாட்டிலிருந்து கடலுக்கு இறங்க வழி தந்தவை.

கொடிகள்

நிறம் நான்கு. இல்லிரிய மக்களுக்குச் சிவப்பு, கிரேக்கக் குடியேற்றங்களுக்கு நீலம், ரோமானியருக்கு மஞ்சள், இல்லிரியரோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அறிஞர்கள் வாதிடும் மக்களுக்கு வெள்ளை. இந்த வெள்ளைதான் மாதிரியின் மானத்தைக் காப்பாற்றும். இஸ்திரியர், லிபுர்னியர், இயாபோதர் ஆகிய வடக்கத்தியர் அதில் வருவார்கள். கிழக்கே தார்தானியருக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரட்டைக் கொடி வைக்கலாம். எபிடாம்னோசுக்குச் சிவப்புக் கொடி குத்தாதீர்கள். அது கி.மு. 627இல் கொரிந்தியரும் கொர்கிராத் தீவினரும் அமைத்த ஊர். சுற்றியிருந்த தவுலந்தியர்தான் சிவப்பு.

ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்க எழுத்து 24 புள்ளி இருக்கவேண்டும். தமிழில் இந்தப் பெயர்கள் நீளமானவை. எபிடாம்னோஸ், லிஸ்ஸோஸ், ஸ்கோட்ரா மூன்றும் 10 செ.மீ.க்குள் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் கொடிகள் ஒன்றையொன்று மறைக்கும். ஊசியை ஊரில் குத்தி, அதிலிருந்து நூலை இடப்பக்கம் கடல்மேல் இழுத்து, பெயரைக் கடலில் ஒட்டுங்கள். கடலில் இடம் தாராளம்.

ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் உறை, உறைக்குப் பத்துக் கொடிக்கு மேல் வேண்டாம். கண்காட்சி நான்கு மணி நேரம் என்றால் மணிக்கு ஓர் உறை மாற்றலாம்.

முதல் உறை கி.மு. 4ஆம் நூற்றாண்டு. ஓகிரிட் ஏரிப்பக்கம் என்கெலேயர், கரையில் தவுலந்தியர், தீவுகளில் ஃபாரோசும் இஸ்ஸாவும் நீலமாக. மாசிடோனியாவை நடுங்கவைத்த பர்டிலிஸ் அரசனுக்கு ஒரு கொடி, கி.மு. 358இல் அவனை மாசிடோனிய அரசன் இரண்டாம் பிலிப் தோற்கடித்ததற்கு ஒன்று. தவுலந்திய அரசன் கிளௌகியாஸ், பின்னாளில் ரோமை ஆட்டிவைத்த எபிரஸ் நாட்டு அரசன் பிர்ரோசைக் கைக்குழந்தையாக இருக்கும்போது அடைக்கலம் கொடுத்து வளர்த்தவன். இதைச் சொல்லாமல் விட மனம் வராது.

இரண்டாவதுதான் கூட்டம் கூடும் உறை. அக்ரோன் இறந்தபின் அவன் மனைவி டியூட்டா ஆட்சிக்கு வந்தாள். கடற்கொள்ளை பற்றி முறையிட வந்த ரோமானியத் தூதர் ஒருவர் கொல்லப்பட, கி.மு. 229இல் 200 கப்பல்களோடு ரோம் ஏட்ரியாட்டிக்கைக் கடந்தது. டியூட்டா ரிசோனுக்குள் ஒதுங்கினாள். அடுத்த ஆண்டு உடன்படிக்கை: லிஸ்ஸோசுக்குத் தெற்கே ஆயுதமில்லாத இரண்டு லெம்போஸ்களுக்கு மேல் போகக்கூடாது. லிஸ்ஸோசிலிருந்து மேற்கே கடல்மேல் ஒரு மஞ்சள் நூலை இழுத்துக் கட்டுங்கள். மொத்த மாதிரியிலும் ஒரு கோட்டை நியாயமாகப் போடக்கூடிய இடம் இது ஒன்றுதான். எழுத்திலேயே இருந்த கோடு.

மூன்றாவது கி.மு. 168. ஸ்கோட்ராவில் ஜென்டியஸ் அரசன். ரோமை எதிர்க்க மாசிடோனிய அரசன் பெர்சியஸ் அவனுக்கு 300 தாலந்து (பழங்கால எடை அளவு) வெள்ளி தருவதாகச் சொல்லி, 10 மட்டும் கையில் கொடுத்து, அவன் போரில் இறங்கியதும் மீதியை நிறுத்திக்கொண்டான். போர் முப்பது நாளில் முடிந்தது. ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் பெயர் இந்த அரசனிடமிருந்து வந்ததென்று பிளினி சொல்கிறார். சிறு பிள்ளைகளுக்கு இதுவே நினைவில் தங்கும்.

நான்காவது கி.பி. 6 முதல் 9. சிவப்புக் கொடி இரண்டே இரண்டு: நடு பொஸ்னியாவின் தெசிதியாத்தர் 42.6, 44.4இல், சாவாச் சமவெளியின் பிரூகியர் 40.5, 56.6இல். இரு கூட்டத்துத் தலைவர்களுக்கும் பெயர் பாட்டோ. விளக்க அட்டையில் 'பாட்டோ' என்று மட்டும் எழுதினால் ஒருவரென்றே நினைப்பார்கள், குலப்பெயரையும் சேர்க்கவும். ரோமுக்கு எதிராக அவர்கள் எழுப்பிய கிளர்ச்சியை அடக்க ரோமானியத் தளபதி திபேரியசுக்கு மூன்றாண்டுக்கு மேலாயிற்று. கார்த்தேஜ் போர்களுக்குப் பிறகு ரோம் கண்ட மிகக் கடுமையான வெளிப்போர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் குறித்தது இதைத்தான்.

பக்கத்து மேசை, கேள்விகள்

மேசையில் அதிகம் பரப்பவேண்டாம். கிளாசினாட்ஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்மேட்டுக் கல்லறைகள் உள்ளன. அங்கே 1880இல் கிடைத்த பறவை வடிவ வெண்கலச் சிறுவண்டியின் படம் ஒன்று வையுங்கள். 'இல்லிரியத் தலைக்கவசம்' படத்தை வைப்பதானால், அந்த வகை பிறந்தது தெற்குக் கிரேக்கத்தில் என்று கீழே எழுதுங்கள். பெயர்தான் இல்லிரியம்.

நடுவர் முதலில் கேட்பது 'அவர்கள் எழுத்து எங்கே?' என்பது. இல்லிரிய மொழியில் எழுதிய நூலோ கல்வெட்டோ எதுவும் கிடைக்கவில்லை. ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிரேக்க ரோமானிய நூல்களில் சிதறிய சில சொற்கள், இவ்வளவே மிச்சம். கடலுக்கு அப்பால் தென்னித்தாலியின் மெசாப்பிய மொழிக் கல்வெட்டுகளை உறவுமொழியாக ஒப்பிடுவார்கள். அடுத்த கேள்வி, 'இன்றைய அல்பேனியர்கள் இவர்களின் வழிவந்தவர்களா?' ஆம் என்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. சான்று குறைவாக இருப்பதால் வாதம் ஓயவில்லை. அட்டையில் தீர்ப்பு எழுதிவைக்காதீர்கள்.

மண்டபத்துக்கு எடுத்துப்போகும் முன் கொடிகள் எல்லாவற்றையும் பிடுங்கி அந்தந்த உறையில் போட்டுவிடுங்கள். செம்மண் சாலையில் வேன் குலுங்கும்போது ஊசி ஆடி ஓட்டை அகலமாகும், பிறகு எந்தக் கொடியும் நேராக நிற்காது. பலகையைப் படுக்கவைத்தே ஏற்றுங்கள், மேலே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் விரிப்பை உடனே எடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் உள்ளே வேர்த்துவிடும்.